காக்கி வேடத்தில் கொள்ளை: கணக்குத் தீர்ப்பது யார்?

கன்னக்கோல் வேண்டாம், கதவை உடைக்க வேண்டாம், கும்மிருட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பட்டப்பகலில், கூடத்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் முதியவரின் கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்தால் திரையிலே காக்கிச் சட்டை, தோளிலே நட்சத்திரம், பின்னாலே அசோகச் சக்கரம்! "மும்பைக் குற்றப் பிரிவிலிருந்து பேசுகிறோம். உம்முடைய ஆதார் எண்ணில் கள்ளப் பணம் கைமாறியிருக்கிறது. உம்மைக் கைது செய்துவிட்டோம். கேமராவை அணைக்காதீர், எவரிடமும் பேசாதீர், பணம் முழுவதையும் நாம் சொல்லும் கணக்குக்கு அனுப்பும், விசாரணை முடிந்ததும் திரும்ப வரும்" என்கிறது குரல். வாரண்டு இல்லை, விலங்கு இல்லை, காவலர் இல்லை, ஆயினும் கைது! 'டிஜிட்டல் கைது' என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டது கொள்ளைக் கூட்டம்.

அப்படியொரு கைது இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் அதைச் சொன்னார். ஒன்றிய உள்துறை சொல்லிற்று. ரிசர்வ் வங்கி சொல்லிற்று. நம் மாநிலக் காவல் துறையும் சொல்லிற்று. சொல்லியும் பணம் போகிறது. போகிற பணம் யாருடையது? பிடிபடுகிறவன் யார், தப்புகிறவன் யார்? போன பணத்துக்குப் பொறுப்பு யார்? இந்த மூன்றையும் நாம் கேட்கிறோம்.

யாருடைய பணம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே, உருக்கு உலையின் முன் நின்று, முகம் கருகி, முழங்கை தழும்பேறி, முப்பது ஆண்டு உழைத்தவர் ஓய்வு பெறுகிறார். கையிலே வருவது என்ன? வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும், அவ்வளவுதான். மாத ஓய்வூதியமோ சொல்லும் தரமன்று. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் நிர்ணயித்தார்கள். பத்தாண்டு கடந்தும் அதை உயர்த்த ஒன்றிய அரசுக்கு மனம் வரவில்லை. ஆகவே அந்த ஒருமுறைத் தொகைதான் அவருக்கு எல்லாம். மகளின் திருமணக் கடன் அதில் தீர வேண்டும். மாத்திரை மருந்து அதில் வர வேண்டும். மழைக்கு ஒழுகும் கூரைக்குத் தகரம் அதில் வாங்க வேண்டும். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்திலும், எண்ணூர் ஆலைகளிலும், காக்களூர் தொழிற்பேட்டையிலும் உழைத்து ஓய்ந்தோரின் கதையும் இதுவே. கணவனை இழந்த தாய்மார்களின் கதை இதைவிடக் கொடிது.

இவர்களைக் கைப்பேசித் திரைக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியது யார்? "ஆதாரை இணை" என்றது அரசு, இணைத்தார்கள். "கைப்பேசி எண்ணைச் சேர்" என்றது வங்கி, சேர்த்தார்கள். "வரிசையில் நிற்காதே, திரையிலேயே பணம் அனுப்பு" என்றார்கள். பேரப் பிள்ளையைக் கேட்டு அதையும் கற்றார்கள். நவம்பர் பிறந்தால் உயிரோடிருப்பதற்கும் மின்னணுச் சான்று! அந்த உயிர்வாழ் சான்றின் பெயரைச் சொல்லியே அழைத்து ஏமாற்றும் கூட்டமும் கிளம்பியிருக்கிறது. கதவைத் திறந்து வை என்று கட்டளையிட்டவர்கள், வாயிலிலே காவல் வைத்தார்களா? வைக்கவில்லை. கொள்ளை போனபின் வந்து, "கதவைத் திறந்தது நீர்தானே, நட்டமும் உம்முடையதுதான்" என்கிறார்கள். இது என்ன நியாயம்?

கொள்ளையின் அளவைப் பாருங்கள். 2022-இல் டிஜிட்டல் கைது, அதையொட்டிய குற்றங்கள் என நாடெங்கும் பதிவான புகார்கள் 39,925. பறிபோன தொகை 91 கோடி ரூபாய். 2024-இல் புகார்கள் 1,23,672; தொகை 1,935 கோடி! இரண்டே ஆண்டில் புகார் மும்மடங்கு, பணமோ இருபது மடங்குக்கு மேல். எல்லா வகை இணையவழிப் பண மோசடிகளையும் சேர்த்தால் 2023-இல் 7,465 கோடி. 2024-இல் 22,845 கோடி. நாம் புனைந்த எண்கள் அல்ல இவை. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே தந்த எண்கள்.

உச்ச நீதிமன்றம் விழித்தது எப்போது?

2025 செப்டம்பரில் அரியானா மாநிலம் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியர் இப்படியே 'கைது' செய்யப்பட்டு, ஒரு கோடியே ஐந்து இலட்சம் ரூபாயை இழந்தனர். அவர்களை மிரட்டக் கொள்ளையர் காட்டிய சீட்டு எது தெரியுமா? உச்ச நீதிமன்றத்தின் முத்திரையும் நீதிபதிகளின் கையொப்பமும் போலியாகப் பொறிக்கப்பட்ட உத்தரவு! அந்த மூதாட்டி தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. நல்லது, பாராட்டுகிறோம். ஆனால் 2022-இலும், 2023-இலும், 2024-இலும் இலட்சக்கணக்கானோர் அழுதபோது கேட்காத செவி, தன் முத்திரையே களவு போனபோது கேட்டது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். காலம் தாழ்ந்தாலும் கேட்டது. அந்த மட்டில் நன்று.

டிசம்பர் 1 அன்று அந்நீதிமன்றம் இட்ட ஆணை முக்கியமானது. டிஜிட்டல் கைது வழக்குகளை நாடு முழுவதும் சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை, கொள்ளைப் பணம் புகுந்து வெளியேறும் கணக்குகளைத் திறந்து கொடுத்த வங்கி அலுவலர்களையும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கலாம் என்றது. அத்தகைய கணக்குகளைக் கண்டறியச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஏன் பயன்படுத்தவில்லை என்று ரிசர்வ் வங்கியையும் கேட்டது. இதுவரை எவரும் தொடாத இடத்தை உச்ச நீதிமன்றம் தொட்டது.

சி.பி.ஐ. என்றதும் நம் தோழர்கள் சிலர் புருவம் நெரிப்பர். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு சி.பி.ஐ.க்கான பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. பெற்றதற்குக் காரணம் இருந்தது. அரசியல் எதிரிகளை மிரட்டும் கைத்தடியாக அந்த அமைப்பு ஆக்கப்பட்டதை நாடறியும். ஆனால் திருடன் தமிழ்நாட்டு எல்லையோடு நிற்பவன் அல்லன். பணம் திருவள்ளூரில் கிளம்பி, குஜராத்தில் பிரிந்து, அசாமில் எடுக்கப்பட்டு, கடல் கடக்கிறது. இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் வரம்பிட்டு ஒப்புதல் தருவதால் மாநில உரிமை தேய்ந்துவிடாது. மாநில உரிமை என்பதே நம் மக்களைக் காப்பதற்காகக் கேட்ட உரிமை அல்லவா? சி.பி.ஐ. வந்துவிட்டது என்று நம் காவல் துறை கைகழுவக் கூடாது. அதுதான் நாம் வைக்கும் வரம்பு.

நூறில் ஐந்து!

நம் காவல் துறையின் கணக்குக்கு வருவோம். 2024-இல் தமிழ்நாட்டு மக்கள் இணையவழி மோசடியில் இழந்தது 1,673 கோடி ரூபாய். அதில் பாதிவழியில் மறித்து, வங்கிகளில் முடக்கி நிறுத்தியது 771 கோடி. சிறு சாதனையல்ல அது. 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுமுன் மறிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. மாநில இணையவழிக் குற்றப் பிரிவு 'திரைநீக்கு' என்று அழகு தமிழில் பெயரிட்டு நடத்திய வேட்டையில் 2024 டிசம்பரில் 76 பேரும், 2025 ஜூனில் 136 பேரும் பிடிபட்டனர். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அதே 2024-இல் உரியவர் கைக்குத் திரும்பியது எவ்வளவு? 83 கோடி! நூறு ரூபாய் போன இடத்தில் நாற்பத்தாறு ரூபாய் மறிக்கப்பட்டது. வீடு வந்து சேர்ந்தது ஐந்தே ரூபாய்! மீதம் எங்கே? திருடனிடம் இல்லை, செலவாகியும் போகவில்லை. வங்கியிலேயே கிடக்கிறது, நீதிமன்ற உத்தரவுக்காக. பணத்தை இழந்தவர் மனு எழுத வேண்டும். வழக்கறிஞரைப் பிடிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். காவல் துறை அறிக்கை தர வேண்டும். வேற்று மாநில வங்கிக் கிளை பதில் எழுத வேண்டும். ஒரே கணக்கில் பலர் பணமும் கலந்திருந்தால் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். வாய்தா, மறு வாய்தா! வழக்குக்கு வயது ஏறலாம். வழக்காடுபவர் எழுபத்தைந்தைத் தாண்டியவராயின், அவருக்கும் ஏறிக்கொண்டே போகலாமா?

2026 ஜனவரியில் ஒன்றிய உள்துறை, 50,000 ரூபாய்க்குக் குறைந்த தொகையை நீதிமன்ற உத்தரவின்றியே திருப்பித் தரும் நடைமுறையை வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால் பணிக்கொடை முழுதும் பறிபோனவர் இழந்தது 50,000 அல்லவே! பல இலட்சம் இழந்தவருக்கு இன்னமும் நீதிமன்றப் படிக்கட்டுத்தானா?

படிக்கட்டு இருக்கும் தொலைவையும் பாருங்கள். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எந்த இடத்தில் நடந்த குற்றமாயினும் எந்தக் காவல் நிலையமும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆம் பிரிவோ, ஆய்வாளர் பதவிக்குக் கீழ்ப்பட்டவர் இந்தக் குற்றங்களைப் புலனாய்வு செய்யக் கூடாது என்கிறது. விளைவு என்ன? "இங்கே முடியாது, மாவட்ட சைபர் பிரிவுக்குப் போங்கள்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட வசதியாகிறது. கும்மிடிப்பூண்டி இருப்பது கூடூர் இரயில் பாதையிலே. மாவட்டத் தலைநகர் திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் பாதையிலே. இரண்டும் சேருமிடம் சென்னை! பேருந்தில் பெரியபாளையம் சுற்றிப் போனாலும் ஒரு பகல் போய்விடும். பணமோ மணிக்கணக்கில் ஓடுகிறது. ஆரம்பாக்கத்து மூதாட்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு திருவள்ளூர் போய்ச் சேருவதற்குள், அவர் பணம் பத்துக் கணக்குகளைத் தாண்டிவிடும்.

பிடிபடுகிறவன் யார்?

தோழர்களே! இங்கேதான் இந்தச் செய்தி நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. கொள்ளைப் பணம் காற்றிலே போவதில்லை. யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போகிறது. அந்த யாரோ ஒருவர் யார்? ஒப்பந்தக் கூலிக்காரர், பட்டறையில் வேலை இழந்த இளைஞர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளி. தரகன் வருகிறான். "உன் பாஸ்புக்கு, ஏ.டி.எம். அட்டை, சிம் இவற்றைக் கொடு, சில ஆயிரம் வாங்கிக்கொள், உனக்கு ஒரு வேலையும் இல்லை" என்கிறான். சம்பளம் பத்தாத வயிறு சரி என்கிறது. பிறகு ஒரு விடியலில் காவல் வண்டி வருகிறது. ஏட்டிலே குற்றவாளி அவன்தான். கணக்கு அவன் பெயரில் அல்லவா இருக்கிறது!

குற்றம் குற்றமே. தன்னைப் போன்ற ஒரு தொழிலாளியின் முதுமையைத் திருட வழிவிட்டவனை நாம் தாங்கிப் பேசமாட்டோம். ஆனால் வலை இந்தச் சிறு மீனோடு கிழிந்துவிடுகிறதே, ஏன்? 2025 ஜூனில் சி.பி.ஐ. வெளியிட்ட செய்தி கேளுங்கள்: நாடெங்கும் 700-க்கு மேற்பட்ட வங்கிக் கிளைகளில் இத்தகைய வாடகைக் கணக்குகள் ஏறத்தாழ எட்டரை இலட்சம் திறக்கப்பட்டிருந்தன! எட்டரை இலட்சம் கணக்குகள் தாமாகவே திறந்துகொண்டனவா? ஒரு தொழிலாளி தன் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டால் பத்துத் தாள் கேட்கிற வங்கி, மாதம் பத்தாயிரம் புழங்காத கணக்கில் ஒரே நாளில் பத்து இலட்சம் வந்து அந்த நாளே வெளியேறும்போது கண்ணை மூடிக்கொண்டதா?

இன்னொரு கொடுமையும் உண்டு. குற்றத்துக்குத் தொடர்பே இல்லாத ஒருவர் கணக்கில் அந்தப் பணத்தில் ஒரு துளி விழுந்துவிட்டாலும், கணக்கு முழுதும் முடக்கப்படுகிறது. கூலி எடுக்க முடியாமல் குடும்பம் தவிக்கிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாமே தவிர, கணக்கு முழுவதையும் காலவரையின்றி முடக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு காவல் நிலையத்திலும், ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

திரையின் அந்தப் பக்கம் காக்கி வேடம் போட்டு உட்கார்ந்திருப்பவனில் சிலரும் நம் பிள்ளைகளே என்பது அடுத்த வேதனை. 'தாய்லாந்தில் கணினி வேலை' என்று அழைத்துப் போய், மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் அடைத்து வைத்து, அடித்து, ஏமாற்றும் தொழிலைச் செய்ய வைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் மியான்மரில் சிக்கிய ஏறத்தாழ 300 இந்தியரையும், அவர்களில் 50 தமிழரையும் மீட்கக் கோரி அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர் விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டனர். இங்கே வேலை இல்லை என்று ஓடியவன், அங்கே அடிமையாகி, இங்கிருக்கும் தாத்தாவின் பணத்தைப் பறிக்கிறான். மேலே உட்கார்ந்து பங்கு பிரிக்கும் முதலாளியோ சிரிக்கிறான்.

அந்த முதலாளியைத் தொட முடியாதா? முடியும். மேற்கு வங்கத்தின் கல்யாணி நீதிமன்றம் 2025 ஜூலையில் டிஜிட்டல் கைது வழக்கொன்றில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆள்மாறாட்டம் என்று 66-டி பிரிவை மட்டும் எழுதினால் மூன்றாண்டு, அதுவும் பிணையில் விடத்தக்க குற்றம். திட்டமிட்ட கூட்டுக் குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவை எழுதினால், ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை! எந்தப் பிரிவை எழுதுகிறது பேனா என்பதில்தான் கொள்ளைக்காரனின் தலையெழுத்து இருக்கிறது.

பொறுப்பு யார்?

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு விதி வகுத்தது. வாடிக்கையாளர் அறியாமல் பிறர் அவர் கணக்கிலிருந்து பணம் எடுத்து, அவர் மூன்று வேலை நாளுக்குள் புகார் தந்தால், நட்டம் அவருடையதல்ல என்றது. நல்ல விதி. ஆனால் மிரட்டப்பட்டுத் தன் கையாலேயே அனுப்பியவருக்கு அந்த விதியின் நிழல் எட்டவில்லை. "நீரே அனுப்பினீர்" என்று கோப்பை மூடிவிடலாம். கழுத்தில் கத்தி வைத்துக் கையொப்பம் வாங்கினால் அது செல்லாது என்று சொல்லும் சட்டம், திரையில் காக்கியைக் காட்டி வாங்கினால் செல்லும் என்பது எப்படி?

பிரிட்டன் வேறு வழி கண்டது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி! முதுமையாலோ நோயாலோ எளிதில் ஏமாறும் நிலையில் இருப்பவரிடம், "நீர் கவனமாக இல்லை" என்ற சாக்கே செல்லாது. நம்மவர் நிறைய வாழும் சிங்கப்பூரிலோ, 2025 ஜூலை 1 முதல், மோசடிக்காரன் பிடியிலிருந்து மீள மறுப்பவரின் கணக்கிலிருந்து பணம் போகாமல் 30 நாள் நிறுத்தி வைக்கக் காவல் துறை வங்கிக்கு ஆணையிடலாம். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

"வங்கி கொடுத்தால், மக்கள் கவலையற்றுப் போவார்கள், ஏமாந்ததாக நடித்தும் வாங்குவார்கள்" என்று சிலர் வாதிடுவர். ஆயுட்காலச் சேமிப்பைப் பணயம் வைத்து நாள் கணக்கில் அழுது நடிப்பவர் எத்தனை பேர் கிடைப்பர்? பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டே! நட்டத்தில் பாதி தன் தலையில் விழும் என்று தெரிந்தால், வாடகைக் கணக்கைத் திறக்குமுன் வங்கி நூறு முறை யோசிக்கும். பூட்டுக்காரனே நட்டத்தைச் சுமந்தால்தான் பூட்டு உறுதியாகும்.

ஏமாந்தவரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பதையும் நாம் நிறுத்த வேண்டும். அவர் முட்டாளாகி ஏமாறவில்லை; அஞ்சி ஏமாந்தார். காக்கியைக் கண்டால் கைகட்டு, கறுப்பு அங்கியைக் கண்டால் குனி, வடக்கிலிருந்து இந்தியில் ஒருவன் அதட்டினால் நடுங்கு என்று பழக்கியது யார்? காவல் நிலையம் ஏழைக்கு உதவும் இடமாக இருந்திருந்தால், அந்த முதியவர் கைப்பேசியை வைத்துவிட்டு நேரே அங்கே நடந்திருப்பாரே! 1925-இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் அச்சத்தை எதிர்த்துத்தான் பிறந்தது. சாமியின் பெயரால் மிரட்டியவனிடம் "ஏன்?" என்று கேட்கக் கற்ற நாம், சர்க்காரின் பெயரால் மிரட்டுகிறவனிடமும் "நீ யார்? எந்த நிலையம்? நேரில் வா!" என்று கேட்கக் கற்க வேண்டும்.

நாம் கேட்பது ஐந்து. ஏமாற்றப்பட்ட முதியோருக்கு வங்கிகள் ஈடுசெய்யச் சட்டம் வேண்டும். முடக்கப்பட்ட பணம் மூன்று மாதத்துக்குள் உரியவர் கைக்கு வர வேண்டும். மூத்த குடிமக்கள் மனுவை நீதிமன்றங்கள் முன்னுரிமை தந்து முடிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி உள்ளிட்ட ஒவ்வொரு காவல் நிலையத்திலும் தமிழில் புகார் எழுதி, அந்த நிமிடமே 1930-க்குத் தெரிவிக்கும் மேசை வேண்டும். கணக்குக் கொடுத்த கூலியோடு நிற்காமல், தரகன், வங்கி அலுவலர், தலைவன் என்று ஏணியின் உச்சிவரை வழக்கு ஏற வேண்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆலை வாயிலில், தேநீர்க் கடையில், படிப்பகத்தில் சொல்லுங்கள்: பாஸ்புக்கை வாடகைக்குக் கொடுப்பது தந்தையின் வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுப்பதாகும். கிளைக்கு ஒருவர் பொறுப்பேற்றுத் தெருவிலுள்ள முதியோரைப் பாருங்கள். 1930 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். எவராவது ஏமாந்தால் ஏளனம் பேசாமல் அந்த மணி நேரத்திலேயே அழைப்பைப் போட்டு, காவல் நிலையத்துக்கு உடன் செல்லுங்கள். "முடியாது, வேறிடம் போ" என்றால், புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவைச் சொல்லிப் புகாரைப் பதியச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு அரசு முத்திரையிலே 'வாய்மையே வெல்லும்' என்று பொறித்திருக்கிறோம். போலி முத்திரை காட்டிப் பறித்த பணத்தை, உண்மை முத்திரை மீட்டுத் தர வேண்டும். நூறில் ஐந்து என்பது நீதி அல்ல, பிச்சை. உலையின் முன் வெந்த உடல், முதுமையில் பிச்சை கேட்கவில்லை. தன் பணத்தைக் கேட்கிறது. அதைப் பெற்றுத் தரும்வரை நாம் ஓயப்போவதில்லை!